பேராயருக்கு வளர்த்த பன்றி

புனித ஐடன் பள்ளி,
வவாவு, டோங்கா
12 பிப்ரவரி 1988

மரியாதைக்குரிய அத்தைக்கு,

கிதியோனே வணங்கி எழுதுவது. கடவுள் புண்ணியத்தில் இங்கே நானும் மனைவியும் பிள்ளைகளும் சுகம். ஆக்லாந்தில் உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? போன கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. ஆகவே வலி கூடிவிட்டது என்று எடுத்துக்கொண்டேன்.

உங்களைக் கேட்காமல் இங்கே ஒரு காரியம் நடந்துவிட்டது. உங்கள் மகள் மெலெனைதே மாணவர் தலைவி ஆகிவிட்டாள். நான் ஆக்கவில்லை, சத்தியமாக. ஆசிரியர்களும் மேல்வகுப்புப் பிள்ளைகளும் சீட்டெழுதிப் போட்டுத் தேர்ந்தெடுப்பது இங்கே வழக்கம். பெட்டியைத் திறந்தால் எடுத்த சீட்டிலெல்லாம் அவள் பெயர். நான் தலைமையாசிரியராகி மூன்று வாரம்கூட ஆகவில்லை. வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வது?

என் சங்கடம் உங்களுக்குத்தான் புரியும். நம் டோங்கா வழக்கில் அத்தை பெற்றவள் எனக்குத் தங்கை முறை, ஆனால் தரத்தில் என் தலைக்கு மேல். என் அப்பா வீட்டுப் பாயோ பன்றியோ அவள் கை வைத்தால் அவளுடையது. அவள் ஃபாஹு, உரிமைக்காரி; அவளிடம் 'ஏன் எடுத்தாய்' என்று கேட்கும் உரிமை எனக்குக் கிடையாது. அண்ணனும் தங்கையும் ஒரே அறையில் உட்கார்ந்து பேசிச் சிரிப்பதுகூட நம்மிடம் இல்லை. அப்படிப்பட்டவள் தினமும் காலையில் என் அறைக்கு வந்து விடுதிச் செய்தி சொல்ல வேண்டுமாம். முதல் நாள் அவள் வாசலில் நின்றாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். நடுவில் துணைத் தலைமையாசிரியை சியாலே டீச்சர்.

"எத்தனை பேருக்குக் காய்ச்சல்னு கேளுங்க டீச்சர்" என்றேன்.

"ரெண்டு பேருக்குன்னு சொல்லுங்க டீச்சர்" என்றாள் அவள்.

"எனக்கு வகுப்பு இருக்கு சார். நீங்க ரெண்டு பேரும் சுவத்துகிட்ட பேசிக்கோங்க" என்று சொல்லிவிட்டு சியாலே டீச்சர் போயே போய்விட்டார்.

காலை ஜெபத்தில் இன்னொரு தொல்லை. தலைமையாசிரியர் நாற்காலி மேடைமேல் இருக்கிறது. அவள் கீழே பெஞ்சில். அவள் தலைக்கு மேலே நான் எப்படி உட்காருவது? நாற்காலியைக் கீழே இறக்கச் சொன்னேன். பின்வரிசையில் இருந்தவர்கள் "யாருடா பேசறது, ஆளையே காணோம்?" என்று கேட்டார்களாம்.

என்ன செய்வது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

கீழ்ப்படிதலுள்ள,
கிதியோனே


ஆக்லாந்து
3 மார்ச் 1988

அன்பு கிதியோனே,

நான் சௌக்கியம். முழங்கால் வலி கூடவுமில்லை, குறையவுமில்லை. என்னோடு எழுந்து, என்னோடு படுக்கிறது. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இந்த வாரம் விரிப்புகள் மலைமாதிரி வந்து குவிந்தன. உன் பிள்ளைகளுக்குக் காலுறை அனுப்பியிருக்கிறேன். பெரியவனுக்குச் சின்னதாகப் போனால் சின்னவனுக்குப் போடு.

நாற்காலியை முதலில் மேடைமேல் ஏற்று. பேராயர் உன்னை அங்கே உட்கார வைத்தது உன் முகம் தெரியத்தான், மறையவா? பள்ளி வாசலுக்கு உள்ளே நீ தலைமையாசிரியன், அவள் மாணவி. வாசலுக்கு வெளியே அவள் மேல், நீ கீழ். இதில் குழம்ப என்ன இருக்கிறது? படித்தவர்களுக்குத்தான் இந்த மாதிரிக் கேள்வியெல்லாம் வரும்.

ஒன்று மட்டும் நினைவில் வை. அவளை யார் முன்னாலும் கடிந்து பேசாதே. கடிய வேண்டியிருந்தால் எனக்கு எழுது, நான் இங்கிருந்தே கடிந்துகொள்கிறேன்.

அவள் சாப்பிடுகிறாளா? எனக்கு எழுதும் கடிதத்தில் ஊர்க்கதை எல்லாம் எழுதுவாள், சாப்பாட்டைப் பற்றி எழுத மாட்டாள்.

உன் அத்தை,
அகனேசி


புனித ஐடன் பள்ளி
20 மே 1988

மரியாதைக்குரிய அத்தைக்கு,

நாங்கள் நலம், நீங்கள் நலமாக இருக்க ஜெபிக்கிறோம். காலுறை வந்தது. பெரியவனுக்குச் சின்னது, சின்னவனுக்குப் பெரியது. மனைவி போட்டுக்கொள்கிறாள்.

நாற்காலி மேடை ஏறிவிட்டது. ஆனால் உங்கள் சட்டத்தில் ஒரு சிக்கல். என் வீடே பள்ளி வாசலுக்கு உள்ளேதான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அவள் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தால் நான் யார்? போன ஞாயிறு நான் சமையல்கட்டில் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டேன். மறுநாள் காலை அவளுக்கு மேடையிலிருந்து உத்தரவு போட்டேன். உள்ளே ஒரே குழப்பம்.

மூன்று வாரம் முன்னால் இனோகே என்ற பையன் சாமான் அறையிலிருந்து இரண்டு டின் இறைச்சி எடுத்து விடுதியில் தின்றுவிட்டான். திருடினால் வீட்டுக்கு அனுப்புவது பள்ளிச் சட்டம். அனுப்பிவிட்டேன். அதை மெலெனைதே ஒப்புக்கொள்ளவில்லை. "பசிச்சு எடுத்தவன் திருடனான்னு சார்கிட்ட கேளுங்க" என்று என் அறை வாசலில் நின்று சியாலே டீச்சரிடம் சொன்னாள். நான் சட்டம் சட்டம்தான் என்று சொல்லி அனுப்பினேன். அந்தக் கேள்வி கேட்ட தோரணை அப்படியே நீங்கள்தான் அத்தை. அதே நடை, அதே குரல். ரத்தம் பேசுகிறது.

ஆகஸ்ட் 31, புனித ஐடன் திருநாளுக்குப் பேராயர் வருகிறார். பள்ளியில் அடுத்த மேல்வகுப்பான ஏழாம் படிவம் தொடங்க அனுமதி கொடுப்பாரா மாட்டாரா என்பது அன்று தெரியும். விருந்துக்கென்று பெற்றோர்கள் சேர்ந்து ஒரு பெரிய பன்றி கொடுத்திருக்கிறார்கள். பள்ளியில் பட்டி இல்லாததால் என் வீட்டுக்குப் பின்னால் என் பட்டியிலேயே வளர்க்கிறேன். நாங்கள் தின்னும் கிழங்கைவிட நல்ல கிழங்கு அதற்குப் போகிறது.

பணிவுடன்,
கிதியோனே


புனித ஐடன் பள்ளி
19 ஜூலை 1988

அத்தைக்கு,

நலம் விசாரிக்க மறந்து ஆரம்பித்துவிட்டேன், மன்னியுங்கள். நலமா? இங்கே நலம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

நான்காம் படிவ மாணவி டொக்கிலுபேயின் அப்பா கடலில் மூழ்கி இறந்துவிட்டார். ஏழைக் குடும்பம். பள்ளி சார்பாக ஒரு பெட்டி டின் இறைச்சியும் ஒரு துணியும் போதும் என்று நான் முடிவு செய்தேன். பன்றி கொண்டு போகலாமே என்று சியாலே டீச்சர் கேட்டார். எங்கிருந்து கொண்டு போவது? இருப்பது பேராயருக்கு.

சனிக்கிழமை துக்கவீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். முற்றத்தில் பேராயரின் பன்றி கிடக்கிறது! சுட்டு, காலை மடக்கி, வாழையிலைமேல். எனக்கு முன்னாலேயே மெலெனைதே நான்கு பெரிய பையன்களோடு வந்து, பள்ளியின் பெயரால் அதைக் கொடுத்திருக்கிறாள். அந்த வீட்டுப் பேச்சாளர் எழுந்து, "புனித ஐடன் பள்ளி எங்களை அனாதையா விடலை. தலைமையாசிரியர் கிதியோனே தன் வீட்டுப் பெரிய பன்றியையே கொண்டாந்துட்டார்" என்று கண்ணீரோடு சொன்னார். ஊரே என்னைப் பார்த்தது. நான் என்ன செய்ய? தலையைக் குனிந்து ஏற்றுக்கொண்டேன். கையிலிருந்த டின் பெட்டியை என் மனைவி தன் பாவாடைக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

திங்கள்கிழமை பள்ளிக்குழுச் செயலாளர் உவாயிசெலே வந்தார்.

"சார், பன்றி யாரோடது?"

"பள்ளியோடது."

"கேட்டுட்டு எடுத்தாங்களா?"

"இல்ல."

"அப்ப அதுக்கு என்ன பேரு? ரெண்டு டின்னுக்கு இனோகேயை அனுப்பினீங்க. இது ரெண்டு டின்னவிடக் கொஞ்சம் பெருசு சார்."

ஆகஸ்ட் 26 குழு கூடுகிறது. அன்று மெலெனைதேயை வீட்டுக்கு அனுப்பும் தாளில் நான் கையெழுத்துப் போட வேண்டும் என்கிறார்கள். போட்டால் என் அத்தை மகளை, என் ஃபாஹுவை, திருடி என்று எழுதியவன் ஆவேன். போடாவிட்டால் இனோகே வீட்டார் முகத்தில் விழிக்க முடியாது, பள்ளியில் என் பேச்சை ஒரு குழந்தைகூடக் கேட்காது. உடனே பதில் எழுதுங்கள். நீங்கள் சொன்னால் மீற மாட்டேன்.

கிதியோனே


புனித ஐடன் பள்ளி, பெண்கள் விடுதி
21 ஜூலை 1988

அன்புள்ள அம்மாவுக்கு,

முத்தங்கள். நான் நல்லா இருக்கிறேன், சாப்பிடுகிறேன் (அண்ணனிடம் கேட்டீர்களாம்). முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறீர்களா?

அண்ணன் எழுதியிருப்பார். பாவம், ரொம்பக் குழம்பிப்போயிருக்கிறார். என்னைக் கண்டால் தூணுக்குப் பின்னால் ஒளிகிறார். அந்தப் பட்டி அண்ணன் வீட்டுக்குப் பின்னால் இருக்கிறது. அண்ணன் வீடு என்றால் மாமா வீடு. மாமா வீட்டில் இருப்பதைக் கேட்காமல் எடுக்கலாம், அது உன் உரிமை என்று நீங்கள்தானே சொல்லிக் கொடுத்தீர்கள்? அது பள்ளிப் பன்றியா, வீட்டுப் பன்றியா என்று அதன் காதில் எழுதியிருக்கவில்லை. பேராயருக்கு என்று தெரியும். அவருக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கிறது, டொக்கிலுபேயின் அப்பாவுக்கு அந்த ஒரு நாள்தான்.

மூன்று நாளாக எழுந்திருக்காத அவள் அம்மா, பன்றியைப் பார்த்ததும் எழுந்து உடையைச் சரிசெய்துகொண்டு வந்தவர்களை வாருங்கள் என்றாள்.

என்னை அனுப்பினால் வந்துவிடுகிறேன் அம்மா. ஆனால் திருடி என்று எழுதி அனுப்பக் கூடாது. நான் அகனேசியின் மகள். என் மாமா வீட்டில் நான் எப்படித் திருட முடியும்?

உங்கள்,
மெலெனைதே


ஆக்லாந்து
1 ஆகஸ்ட் 1988

அன்பு கிதியோனே,

சுகமா? இங்கே குளிர். நான்கு நாளாக ஓயாத மழை. துணி எதுவும் காயவில்லை. பக்கத்து வீட்டு சமோவாக்காரி கறி வேகவைக்க வாங்கிய பாத்திரத்தைத் திருப்பித் தரவில்லை. தேவாலயத்தில் பாடற்குழுவுக்குப் புது அங்கி தைக்கிறோம். என் அளவு எடுத்தவள் இரண்டு முறை அளந்து பார்த்துவிட்டுத்தான் எழுதிக்கொண்டாள்.

உன் அப்பாவின் கல்லறையைச் சுற்றி வெள்ளை மணல் போட்டாயா? வருஷம் முடிவதற்குள் போடு. என் அண்ணன் எனக்கு எதையும் இல்லை என்று சொன்னதில்லை.

பன்றி விஷயம் படித்தேன். பிறகு எழுதுகிறேன்.

அத்தை


புனித ஐடன் பள்ளி
9 ஆகஸ்ட் 1988

மரியாதைக்குரிய அத்தைக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். முதல் முறை எனக்காக, இரண்டாம் முறை மனைவிக்காக, மூன்றாம் முறை தாளின் பின்பக்கத்தில் ஏதாவது இருக்கிறதா என்று. மழை, பாத்திரம், அங்கி. உங்கள் உடம்புக்கு ஏதாவது ஆகிவிட்டதா? இப்படி வழுக்கிக்கொண்டு போகிறவரில்லையே நீங்கள்.

எனக்குக் கோபம் வருகிறது அத்தை. அத்தையிடம் கோபப்படக் கூடாது என்று தெரியும், வருகிறது. ஜெபத்தில் நான் எழுந்தால் பையன்கள் மெல்ல உறுமுகிறார்கள், பன்றி மாதிரி. யார் என்று பார்த்தால் எல்லோரும் பாட்டுப் புத்தகத்தைப் பார்க்கிறார்கள். நேற்று இனோகேயின் அம்மா வாசலில் நின்றுகொண்டு, "நான் உங்களுக்கு அத்தை இல்ல சார், அதான் என் பையன் போயிட்டான்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சியாலே டீச்சர் என்னைக் கேட்டார்: "சார், இந்தப் பள்ளிக்கூடத்தை நடத்துறது நீங்களா, உங்க தங்கச்சியா, ஆக்லாந்தா?" எனக்கே தெரியவில்லை.

அனுப்பு என்று சொல்லுங்கள், அல்லது அனுப்பாதே என்று சொல்லுங்கள். இருபத்தாறாம் தேதிக்குள்.

கிதியோனே


ஆக்லாந்து
15 ஆகஸ்ட் 1988

அன்பு கிதியோனே,

உனக்குக் கோபம் வந்தது நல்லதுதான். உன் அப்பாவுக்கு வராது. என் உடம்புக்கு ஒன்றுமில்லை.

முதல் மூன்று பக்கமும் சாதாரண விஷயம்தான், மனைவிக்கும் படித்துக் காட்டு. நான்காம் பக்கத்தை நீ மட்டும் படி. படித்ததும் அடுப்பில் போடு என்று அதிலேயே எழுதியிருக்கிறேன்.

[நான்காம் பக்கம்]

கிதியோனே, இதைப் படித்ததும் அடுப்பில் போடு.

மெலெனைதேயை நான் பெறவில்லை. சலவைக்கூடத்தில் என் பக்கத்து மேசையில் நம் ஹாபாய்த் தீவிலிருந்து வந்த ஒரு பெண் வேலை பார்த்தாள். குழந்தை பிறந்த ஒன்பதாம் நாள் அதை என் மடியில் போட்டுவிட்டு ஆஸ்திரேலியா போய்விட்டாள். அதற்கு முந்தின வருடம் என் கணவர் இறந்திருந்தார். வயிற்றில் இருந்தது அவர் விட்டுப்போனது என்று ஊருக்கு எழுதினேன். உன் அப்பாவுக்கும் அப்படித்தான் எழுதினேன். என் அண்ணன் பிள்ளைச் சீராக இரண்டு பாய் அனுப்பினான்.

அவளுக்குத் தெரியாது. இங்கே இருந்தால் யாராவது சொல்லிவிடுவார்கள் என்றுதான் அங்கே அனுப்பினேன்.

எடுத்து வளர்த்த பிள்ளைக்கு ஃபாஹு உரிமை உண்டா என்று கேட்டால் ஒருவர் உண்டு என்பார், ஒருவர் இல்லை என்பார். ரத்தப்படி அவள் உனக்கு யாருமில்லை. நான் சும்மா இருந்தால் என் பொய்க்காக உன் பள்ளிக்கூடம் உன் கையை விட்டுப் போகும். ஆகவே சொல்லிவிட்டேன். உன் கை இப்போது கட்டப்படவில்லை. கையெழுத்துப் போட வேண்டுமானால் போடு. எனக்குக் கோபம் வராது. அழுகை வரும், அது என் பாடு.

அவளிடம் மட்டும் சொல்லாதே.


புனித ஐடன் பள்ளி
5 செப்டம்பர் 1988

மரியாதைக்குரிய அத்தைக்கு,

வணக்கம். நாங்கள் நலம். மெலெனைதேயும் நலம், விடுதியில்தான் இருக்கிறாள்.

உங்கள் கடிதம் கூட்டத்துக்கு முந்தின நாள் வந்தது. ஒரு சின்ன விபத்து. படகிலிருந்து இறக்கும்போது தபால் பை தண்ணீரில் விழுந்துவிட்டதாம். மூன்று பக்கம் தப்பியது. கடைசிப் பக்கத்தில் மை முழுக்கக் கரைந்து ஒரு வார்த்தைகூடப் படிக்க முடியவில்லை. முக்கியமான விஷயம் எதுவும் இருந்திருக்காது என்று நினைக்கிறேன். மறுபடி எழுதிச் சிரமப்பட வேண்டாம். அந்தத் தாளை அடுப்பில் போட்டுவிட்டேன்.

நீங்கள் ஒன்றும் சொல்லாததால் நானே முடிவு செய்ய வேண்டியதாயிற்று. அன்று இரவு முழுக்கத் தூங்கவில்லை. என்ன பேசப் போகிறேன் என்று குழு அறைக் கதவைத் திறக்கும்வரை எனக்குத் தெரியாது.

உவாயிசெலே தாளை என் முன்னால் தள்ளினார். நான் கேட்டேன்: "பள்ளிப் பன்றியை யார் வீட்டுப் பட்டியில வச்சிருந்தோம்?"

"உங்க வீட்டுல."

"என் வீட்டுல இருக்கறதை என் அத்தை மக எடுத்தா அதுக்குப் பேரு என்ன?"

அவர் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அங்கே இருந்த ஒவ்வொருவருக்கும் ஒரு அத்தை இருக்கிறாள்.

"அவ என் ஃபாஹு. அவ எடுத்தது எங்கிட்ட இருந்து. பள்ளிப் பொருளை வீட்டுப் பொருளோட கலந்து வச்ச முட்டாள் நான். தப்பு செஞ்ச ஆளை அனுப்பணும்னா என்னை அனுப்புங்க" என்றேன். குரல் நடுங்கியது. ஃபாஹு என்ற வார்த்தையைச் சொல்லும்போது கொஞ்சம் அதிகமாகவே நடுங்கியது. அவர்கள் அதைப் பயம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

நெடுநேரம் தகராறு. கடைசியில் எனக்கு ஆறு சனிக்கிழமை தண்டனை வேலை. மற்ற பிள்ளைகளோடு சேர்ந்து பள்ளி வள்ளிக்கிழங்குத் தோட்டத்தில் களை எடுக்க வேண்டும். இனோகேயை நானே போய் அழைத்து வந்தேன். முதல் சனிக்கிழமை அவன் என் பக்கத்து வரிசை. "சார், அது களையில்ல, கொடி" என்று நான்கு முறை சொன்னான். மதியம் மெலெனைதே தண்ணீர் கொண்டுவந்து வரப்பில் வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல், "டீச்சர், சாருக்கு முதுகு வலிக்குதான்னு கேளுங்க" என்றாள். அங்கே எந்த டீச்சரும் இல்லை. "வலிக்குதுன்னு சொல்லுங்க" என்றேன் நான், தோட்டத்தைப் பார்த்து.

பேராயருக்குச் சேம்பிலையில் தேங்காய்ப்பாலோடு டின் இறைச்சி கட்டிச் சுட்டுக் கொடுத்தோம். கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். ஏழாம் படிவத்தைப் பற்றி யோசித்துச் சொல்கிறேன் என்று போய்விட்டார்.

நான் செய்தது சரியா என்று இன்னும் தெரியவில்லை அத்தை. கூட்டத்தில் நான் சொன்னது மெய்யா பொய்யா என்றுகூடச் சில நேரம் குழம்புகிறது. ஆனால் அவள் நடந்து போவதைப் பார்க்கும்போது உங்கள் நடைதான் தெரிகிறது. முன்பு ரத்தம் என்று எழுதியிருந்தேன். இப்போது காரணம் ஒன்றும் எழுதவில்லை.

கீழ்ப்படிதலுள்ள,
கிதியோனே


ஆக்லாந்து
19 செப்டம்பர் 1988

அன்பு கிதியோனே,

நான் நலம். உன் முதுகுக்குத் தைலம் அனுப்பியிருக்கிறேன்.

உன் கடிதத்தைச் சலவைக்கூடத்தில் வைத்துப் படித்தேன். நல்லவேளை, அங்கே எல்லாம் ஈரம்தான், யாரும் என் முகத்தைக் கவனிக்கவில்லை. ஒரே உறையில் நான்கு தாளும் மடித்து வைத்து ஒட்டினேன். தண்ணீர் மூன்றை விட்டுவிட்டு நான்காவதை மட்டும் எப்படித் தேடிப் பிடித்தது என்று கேட்கப் போவதில்லை. அந்தப் பக்கத்தில் ஒன்றுமில்லை, பாத்திரத்தைப் பற்றித்தான் எழுதியிருந்தேன். சமோவாக்காரி திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

டிசம்பரில் அவள் படிப்பு முடிகிறது. விடுப்புக் கேட்டு வாங்கிவிட்டேன், நானும் வருகிறேன். படிப்பு முடித்த விருந்தன்று நடக்க வேண்டியதைச் சொல்கிறேன், கேட்டுக்கொள். முதலில் மெலெனைதேயை உட்கார வைக்க வேண்டும், எல்லோருக்கும் மேலே. நம் வீட்டுப் பாயில் நல்லது அவளுக்கு. உன் அப்பா இருந்தால் அவள் காலடியில் உட்கார்ந்திருப்பான். அவன் இல்லை, ஆகவே அந்த இடம் உன்னுடையது. தலைமையாசிரியன் நாற்காலியில் ஏறி உட்கார்ந்துவிடாதே.

உன் அத்தை,
மெலெனைதேயின் அம்மா,
அகனேசி